உறவுமுறை: தம்பி

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை தனித்தாளில் எழுதப்பட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தொன்று. மதம் கிறிஸ்தவம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருடங்களாக ஒரே கடை, ஒரே நாற்காலி. மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். மகள் அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிறாள். எனக்கு உடன்பிறந்தவள் தங்கை ஒருத்தி மட்டுமே. இதுவரை எந்த வழக்கிலும் என் பெயர் வந்ததில்லை. நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் இதை எழுதினார்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் பேருந்து நிலையத்துப் பார்சல் அலுவலகத்தின் படியில் இறந்து கிடந்தவரை எனக்குத் தெரியும். பிணவறையில் எனக்குக் காட்டப்பட்ட உடல் அவருடையதுதான். அவரை நான் பெரியவர் என்று அழைத்து வந்தேன், இதிலும் அப்படியே சொல்கிறேன். அவருடைய பைக்குள் இருந்த மருத்துவமனைத் தாளில் அவருக்குத் தம்பி என்று என் பெயரும் முகவரியும் இருப்பதால் என்னை வரவழைத்து விசாரித்தார்கள். என் பெயர் அந்தத் தாளில் எப்படி வந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சபை அறுபது குடும்பங்கள் உள்ள சிறிய சபை. டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் கூடுகிறோம். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் போதகர் ஐயா, வீடில்லாமல் தெருவில் இருக்கும் ஒருவரை ஒவ்வொரு குடும்பமும் நண்பராக்கிக்கொள்ள வேண்டும் என்றார். பிச்சை போடக் கூடாது, பொட்டலம் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வரக் கூடாது, வாரம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், ஆண்டவரே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் போக வேண்டும் என்றார். யார் தயார் என்று கேட்டபோது கை தூக்கியது என் மனைவி. போய் உட்கார வேண்டியவன் நான் என்பது படி இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. சபைச் செயலர் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார். அதில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. ஒரு வாரம் போய் வந்தால் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும், பன்னிரண்டும் முடித்தவர்கள் சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். செயலர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டம் போடாமல் அவரால் எதையும் யோசிக்க முடியாது.

அதன் பிறகு வந்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையில் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. யாராவது கிடைக்காமல் போனால் நல்லது, இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் சுற்றிப் பார்த்தேன். பார்சல் அலுவலகத்தின் படியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு பைகளோடும் கம்பி ஒடிந்த ஒரு குடையோடும் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வணக்கம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டை இறக்குகிறவர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். கைக்கடிகாரத்தை நான் நான்காவது முறை பார்த்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"அரைமணி ஆயிடுச்சு தம்பி. கிளம்பு."

அரை மணி என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "போன வருஷம் வேற சபையிலிருந்து வந்தாங்க. அவங்களுக்கு இருபது நிமிஷம்தான். நீங்க பரவாயில்ல" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்கு வந்து முதல் கட்டத்தில் டிக் போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். மூன்றாவது வாரத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். எதிரே இருந்த ஏழு மாடிக் கட்டடத்தைக் காட்டி, அதில் இருக்கும் லிஃப்டின் கயிறு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். மனிதர்களில் இரண்டு வகைதான், பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருப்பவர்கள், வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பவர்கள், நீ இரண்டாவது வகை என்று என்னைக் கிண்டல் செய்வார். வீட்டைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "அந்த மாடியில லிஃப்ட் நிக்காது தம்பி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரம் அவர் பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு படிப்பதைப் பார்த்தேன். மறுவாரம் கடையிலிருந்து பரிசோதனை லென்ஸ்களை எடுத்துப் போய்ப் படியிலேயே வைத்துப் பார்த்தேன். இடது கண்ணில் புரை விழுந்திருந்தது, வலது கண்ணுக்குப் பவர் போதும். விற்காமல் கிடந்த ஒரு பழுப்பு ஃபிரேமில் அவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு முதலில் பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "அடப்பாவி, உனக்கும் தலை நரைச்சிருக்கே. குரலை வச்சுச் சின்னப் பையன்னு நெனச்சுத் தம்பி தம்பின்னு கூப்பிட்டுட்டேன்" என்றார். அதன் பிறகும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். சனிக்கிழமை எப்போது வரும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். எழுதும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

அவர் இரவில் படுத்தது தெருவில் அல்ல. மாநகராட்சியின் ஆதரவற்றோர் விடுதியில் பதினான்காம் எண் படுக்கை நான்கு வருடங்களாக அவருடையது. மாலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும், காலை ஏழு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் படுக்கைக்கு ஒரு பக்கம் சுவர் உண்டு, சுவரில் பை மாட்ட ஒரு ஆணி உண்டு. "சுவர்ப் பக்கம் கிடைக்க ரெண்டு வருஷம் காத்திருந்தேன்" என்று மற்றவர்கள் வீடு கட்டியதைச் சொல்வதுபோலச் சொல்வார். ஒரு வாரத்துக்கு மேல் வராமல் இருந்தால் படுக்கை போய்விடும், மருத்துவமனையில் இருந்ததாகத் தாள் காட்டினால் மட்டும் திரும்பக் கிடைக்கும். உறவினர் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் அங்கே இடம்.

பத்தாவது வாரம் நான் போனபோது அவர் படியில் சாய்ந்து கிடந்தார். வலது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது, கணுக்காலில் புண் இருந்தது, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டர் பார்த்துவிட்டு உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்றார். சேர்க்கைக் கவுன்டரில் இருந்த ஊழியர் பெயரைக் கேட்டார். பெரியவர் தன் பெயரைச் சொன்னார். பத்து வாரம் நண்பராக இருந்தவரின் பெயரை நான் அன்றுதான் கேட்டேன். அதன் பிறகு ஊழியர் என்னைப் பார்த்து, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டார்.

நண்பர் என்றேன்.

"நண்பர்னு இதுல கட்டம் இல்ல சார். அப்பா, புள்ள, அண்ணன், தம்பி, இப்படி ஏதாவது சொல்லுங்க. பொறுப்பு ஏத்துக்க ஆள் இல்லன்னா வார்டுல எடுக்க மாட்டாங்க, வராந்தாவுலதான் படுக்கணும்" என்றார்.

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றது. நான் அதிகம் யோசிக்கவில்லை. தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யான தகவல் கொடுப்பது குற்றம் என்று தாளின் அடியில் அச்சடித்திருந்தது, அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். அப்போது எனக்குப் பயம் இல்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. பெரியவர் தள்ளுவண்டியில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அந்தத் தாள் எங்கெல்லாம் போகும் தம்பி?"

"எங்கயும் போகாது. இங்கயேதான் இருக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கினாள். மறுநாள் போதகர் ஐயாவிடம் சொன்னேன், அவர் என்னைக் கட்டிக்கொண்டு ஜெபம் செய்தார். பெரியவர் ஒன்பது நாள் வார்டில் இருந்தார். தினமும் வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவரை நன்றாகவே கவனித்தார்கள், அந்த ஒன்பது நாளைப் பற்றி எந்தக் குறையும் சொல்வதற்கில்லை.

பத்தாம் நாள் திங்கட்கிழமை மதியம் அவரை வெளியே விட்டார்கள். புண் ஆற இன்னும் இரண்டு வாரம் தினமும் கட்டு மாற்ற வேண்டும், கால் நனையக் கூடாது என்றார்கள். அவர் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில், சிகிச்சை முடிந்து நோயாளி தன் தம்பியின் பொறுப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்று எழுதி, என் முகவரியும் போட்டிருந்தது. நான் அவரை விடுதி வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனேன். ஐந்தே முக்கால் மணிக்கு விடுதியின் காப்பாளர் அம்மா எனக்கு போன் செய்து வரச் சொன்னார்.

நான் போனபோது பெரியவர் வாசல் பெஞ்சில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பாளர் அம்மா கெட்டவர் அல்ல, அதையும் எழுத வேண்டும். தாளை என்னிடம் காட்டி, "தம்பி இருக்கார், வீடு இருக்குன்னு அரசாங்கத் தாள்ல இருக்கு. வெளிய நாப்பது பேர் பேரு குடுத்துட்டுக் காத்திருக்காங்க. இவரை உள்ள வச்சா நாளைக்கு எனக்கு வேலை இருக்காதுங்க" என்றார். நான் அவருடைய தம்பி இல்லை என்று சொன்னேன். அதற்கு அந்த அம்மா, "அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. மருத்துவமனையில சொன்னது உண்மை இல்ல, நான் இவருக்கு உறவு இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் படுக்கையைக் காலியா வச்சிருக்கேன்" என்றார். மேசைமேல் இருந்த பேனாவை என் பக்கம் தள்ளினார்.

நான் பேனாவை எடுக்கவில்லை. நாளை எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவரை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அதன் பிறகு மறுநாள் காலை செயலரிடம் யோசனை கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க கையால பொய்னு எழுதிக் குடுத்தா அது நேரா போலீஸுக்குப் போகும். பொண்ணு அரசு வேலைக்குப் படிக்குதுன்னீங்களே, வீட்டுல கேஸ் இருக்கான்னு விசாரிப்பாங்க, தெரியுமில்ல? எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார். போதகர் ஐயாவிடம் கேட்டேன். கர்த்தர் வழி காட்டுவார், ஜெபித்துவிட்டு முடிவெடுங்கள் என்றார். நான் ஜெபித்தேன். எழுத வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றியது. எழுதவில்லை.

எங்கள் வீட்டில் அவர் நான்கு இரவு தங்கினார். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடம் இருக்கிறது, அங்கே பாய் போட்டோம். மனைவி அவருக்கு என்னுடைய சட்டைகளில் இரண்டைச் சிறிதாக்கித் தைத்துக் கொடுத்தாள், கட்டும் அவள்தான் மாற்றினாள். மகள் குளியலறைக்குப் போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளுடைய காலடிச் சத்தம் கேட்டதும் அவர் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொள்வார். இரவெல்லாம் இருமுவார், இருமல் வரும்போது வாயில் துணியை வைத்து அழுத்திக்கொள்வார். யாரும் அவரிடம் முகம் சுளிக்கவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் மகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் படிக்கப் போனாள். வியாழக்கிழமை மாலை மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை நாளைக்குங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெரியவர் பத்தடி தூரத்தில் இருந்தார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் பாயைச் சுருட்டி, போர்வையை மடித்து, அதன்மேல் கண்ணாடியை வைத்திருந்தார். பைகள் இரண்டும் தோளில் இருந்தன. சட்டை என்னுடையது. "படுக்கை காலியா இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வரேன் தம்பி" என்றார். படுக்கை கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நான் எழுதிக் கொடுக்காமல் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். கண்ணாடியை மறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். "அது உன் கடைச் சரக்கு, யாருக்காவது ஆகும்" என்றார். ஒரு தாளை எடுத்து அந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். மகளின் மேசைமேல் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. நான், "சரி, பாத்துப் போங்க" என்றேன். அவர் மூன்று மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் கதவைச் சாத்திய பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுத்தரிடம் சொன்னேன். ஒரு கால் மணி நேரம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அன்று மதியத்திலிருந்து மழை. மறுநாள் சனிக்கிழமை நான் பேருந்து நிலையத்துக்குப் போகவில்லை. கடையில் வேலை இருந்தது என்று சொல்லலாம், ஆனால் வேலை இல்லை. அந்த வாரம் நான்கு நாள் அவர் என் வீட்டிலேயே இருந்தார் என்பதால் பன்னிரண்டாவது கட்டத்திலும் டிக் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். தெருவில் இருந்த ஒருவரை அண்ணனாக ஏற்றுக்கொண்டேன், என் வீட்டில் தங்க வைத்தேன் என்று சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு காவலர் கடைக்கு வந்து, உங்கள் அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்லி என்னை அழைத்துப் போனார். பிணவறையில் பார்த்தபோது காலில் கட்டு கறுத்து ஊறியிருந்தது. மனைவி வெள்ளிக்கிழமை காலை கட்டிய அதே கட்டு, அந்த முடிச்சு எனக்குத் தெரியும். நான்கு நாளும் அவர் அந்தப் படியிலேயே இருந்ததாகவும், கேட்டவர்களிடம் தம்பி சனிக்கிழமை வருவான் என்று சொன்னதாகவும் மூட்டை இறக்குகிறவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். பெரியவர் அப்படிச் சொல்லியிருப்பார் என்பதை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு அதிகாரி எனக்கு விளக்கிச் சொன்னது என்னவென்றால், நான் அவருடைய தம்பிதான் என்றால் உடலை என்னிடம் ஒப்படைப்பார்கள், எங்கள் சபைக் கல்லறையில் அடக்கம் செய்யலாம், ஆனால் நோயாளியான மூத்த உறவினரைக் கைவிட்டதாக என்மீது வழக்கு வரும். உறவு இல்லை என்றால் மருத்துவமனையில் பொய் சொன்ன குற்றம் மட்டும்தான், அது அபராதத்தோடு போகக்கூடியது, ஆனால் உடலை என்னிடம் தரமாட்டார்கள், ஏழு நாள் பார்த்துவிட்டு உரிமை கோராத உடல் என்று மாநகராட்சி எடுத்துக்கொள்ளும். நண்பர் என்று கேட்க முடியாதா என்றேன். அதற்கும் விதி இல்லை என்றார். யோசிக்க எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். வெளியே வராந்தாவில் செயலர் நின்றிருந்தார், போதகர் ஐயாவும் நின்றிருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஜெபமும் செய்யவில்லை. அரை மணி நேரம் தேவைப்படவில்லை, ஐந்து நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டேன்.

இறந்தவர் எனக்கு அண்ணன் அல்ல. இரத்த சம்பந்தமாகவோ, கல்யாண சம்பந்தமாகவோ அவருக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை. மருத்துவமனையில் நான் எழுதிக் கொடுத்தது பொய். விடுதியில் காப்பாளர் அம்மா பேனாவைத் தள்ளிக் கேட்டது இந்த ஒரு வரியைத்தான். அன்று எழுதியிருந்தால் அவருக்குப் படுக்கை கிடைத்திருக்கும். இன்று எழுதுவதால் எனக்கு வழக்கு குறைகிறது, அவருக்குக் குழி இல்லாமல் போகிறது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயந்துதான் சொல்கிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். யாரும் என்னை மிரட்டவில்லை, சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)